இன்னும் கொஞ்சம் உள்ளே

மலையில் என் மனைவி எந்தப் பக்கம் கை நீட்டுகிறாளோ அந்தப் பக்கம்தான் நான் போவேன். வீட்டில் அப்படியில்லை. வீட்டில் அவள் கிழக்கு என்றால் நான் கொஞ்ச நேரமாவது மேற்கு என்று நின்று பார்ப்பேன். மலையில் அந்தப் பேச்சே கிடையாது. பொக்லைன் கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தனக்கு அடியில் சக்கரம்போல ஓடும் செயின் எதை மிதிக்கிறது என்று தெரியாது. பள்ளத்துப் பக்கம் தரை எங்கே முடிகிறது என்றும் தெரியாது. முன்னால் நிற்கிற ஆளுக்குத்தான் தெரியும். அதனால் கை காட்டுகிறவர் சொல்வதுதான் முடிவு. எங்கள் தொழிலில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறியதும் இல்லை.

செங்குத்துச் சரிவுகளில் வண்டி ஏறப் பாதை வெட்டுவது எங்கள் தொழில். ஆள் நுழைய முடியாத புதர்க்காட்டை யாராவது ஆசைப்பட்டு வாங்கிவிடுவார்கள். வாங்கிய பிறகுதான் மேலே போவது எப்படி என்று யோசிப்பார்கள். அப்போது எங்களைக் கூப்பிடுவார்கள். என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, முன்னால் போய் ரம்ப மிஷினால் புதரை அறுத்து ஒதுக்குவான். மிஷினை நிறுத்தினால் வாயை ஓட்டுவான் என்பதால் அவனுக்கு ரம்பம் என்றே பேர் நிலைத்துவிட்டது. அவனுக்குப் பின்னால் என் மனைவி, தண்ணீர் நிரப்பிய குழாயைப் பிடித்து ஏற்றம் பார்த்து, சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகளை நட்டுக்கொண்டு போவாள். அந்தக் குச்சிகளை ஒட்டி நான் மலையை வெட்டுவேன்.

போன வருஷம் வேறொரு சரிவில், பள்ளத்துப் பக்கம் தள்ளி நிரவியிருந்த மண் என் செயினுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டது. மிஷின் அவசரமே இல்லாமல் சாய்ந்தது. ஒரு முழு உருளல், பிறகு பாதி உருளல், பிறகு ஒரு மரம் தாங்கிக்கொண்டது. எனக்குத் தோள்பட்டை எலும்போடு போயிற்று. முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என்ன போயிற்று என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். நான் போதும் என்ற பிறகும் உரித்துக்கொண்டே இருந்தாள்.

எலும்பு சேர்ந்து, மிஷினையும் நிமிர்த்தி, இந்த வேலை வந்தபோது அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"இந்த வேலை முடியறதுக்குள்ள என் வயிறு ஒரு தடவை கலங்கினாலும் மிஷினை வித்துடணும். அப்புறம் சமாதானம் சொல்லிக்கிட்டு வரக் கூடாது."

"சரி" என்றேன். வாயால் சொல்வதற்கு என்ன. எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும். லீவரில் வைத்தால்தான் என் கை அடங்கி இருக்கும். மற்ற நேரமெல்லாம் எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும் கை இது. மிஷின் போனால் நான் வீட்டில் உட்கார்ந்து கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த நிலத்துக்காரர் ஒரு பல் டாக்டர். சரிவின் உச்சியில் பழ மரங்கள் வைக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி கட்ட வேண்டும், அதற்குத் தண்ணீர் லாரி மேலே ஏற வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல மனுஷன். வெயிலிலும் குடை, மழையிலும் குடை. கீழே நின்று வாயைத் திறந்து மேலே பார்ப்பார். தினமும் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர் இங்கே வந்தால் தானே திறந்துகொள்கிறார் என்பான் ரம்பம்.

முதல் வளைவு வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. இரண்டாவது வளைவு தாண்டியதும் சரிவு ரொம்பவும் செங்குத்தாயிற்று. அங்கேதான் அவள் உள்ளங்கையை மலைப் பக்கம் திருப்பிக் காட்ட ஆரம்பித்தாள். உள்ளே வா. வந்தேன். இன்னும் கொஞ்சம் உள்ளே. வந்தேன். மறுநாள் பார்த்தால் குச்சிகளையே பிடுங்கி உள்ளே தள்ளி நட்டிருந்தாள்.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். சரிவில் பாதை என்றால் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் வெட்டிய மண்சுவர். பள்ளத்துக்குப் பயந்து உள்ளே உள்ளே போனால் சுவர் உயர்ந்துகொண்டே போகும். அந்த இடத்தில் ஒரு முழம் உள்ளே போனால் சுவர் இரண்டு முழம் ஏறியது. ஓர் உயரத்துக்குமேல் என் மிஷினின் கை எட்டாது. மேல் விளிம்பைச் சரித்துவிடவும் முடியாது. சுவர் செங்குத்தாக நிற்கும், மேலே அறுத்துவிட்ட மரங்களின் வேர்கள் செத்துக்கொண்டிருக்கும், ஒரு நல்ல மழை வந்தால் எல்லாம் சேர்ந்து பாதையில் வந்து படுத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்ததில் பாதி அவள்தான். ஆனால் அவள் கண்ணுக்குப் பள்ளம் மட்டும்தான் தெரிந்தது. சுவர் இருப்பதையே அவள் கண் எடுத்துக்கொள்ளவில்லை.

என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னை அரித்துத் தின்றது. ஒரு காலத்தில் செயின் பாதி அந்தரத்தில் தொங்க நான் மிஷினைத் திருப்புவேன், அவள் ஒரு விரலை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பாள். இப்போது நடுப்பாதையில் போகும்போதே இரண்டு கையாலும் மலையைக் காட்டுகிறாள். எரிச்சலில் மண் அள்ளும் பக்கெட்டை ஓங்கித் தரையில் இறக்குவேன். அவள் நிதானமாக மறுபடி காட்டுவாள். உள்ளே.

ஒரு நாள் மத்தியானம் ரம்பம் மேலேயிருந்து இறங்கி வந்து, அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்துக் கேபின் கதவைத் தட்டினான்.

"மாமா, மேல வெடிப்பு விட்டிருக்கு. என் கை உள்ள போகுது."

"எங்க?"

"சுவருக்கு மேல, நான் அறுத்துவிட்ட பெரிய அடிமரம் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி. அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன். நீ வாயை மூடிக்கிட்டுப் போ."

"வாயை மூடச் சொல்றது சரி. சுவர் மூடுமா?"

அவன் போய்விட்டான். எனக்கு உட்காரவும் முடியவில்லை, வேலை செய்யவும் முடியவில்லை. சொன்னால் அவள் வயிறு கலங்கும். கலங்கினால் மிஷின் போகும். சொல்லாவிட்டால் இந்தச் சுவர் என்றைக்காவது அந்தப் பல் டாக்டரின் தண்ணீர் லாரிமேல் விழும். ராத்திரிக்குள் சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். முடிவு பண்ணிய கையோடு இன்னும் ஒரு முழம் உள்ளே வெட்டினேன், தண்ணீரோடு திரும்பி வந்தவள் கை காட்டினாளே.

மலையடிவாரத்தில் டயர் பஞ்சர் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருந்தோம். ஒரு ஜன்னல், அதை மறைத்து அடுக்கிய பழைய டயர்கள். எந்த நேரமும் ரப்பர் வாசனை. சுவரில் முன்பு இருந்தவர்கள் அடித்த ஆணிகள், ஒவ்வொன்றிலும் எங்கள் துணி ஒவ்வொன்று. சாயந்தரம் அவள் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் என் சட்டையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். அந்த அறையில் அதற்குமேல் நடக்க இடமில்லை.

"என்னங்க, உட்காருங்களேன். தலை சுத்துது."

"ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும். நானே முதல்ல சொல்லிடறேன்." துணியைக் கீழே வைத்தாள். "இந்த வாரந்தான் நான் தூங்கறேன். போன வருஷத்துக்கு அப்புறம் கண்ணை மூடினாலே மிஷின் சாயும். இப்ப சாயறதில்ல. நீங்க சொன்ன பேச்சு கேட்டு உள்ளேயே வர்றீங்க பாருங்க, அதனாலதான்."

அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுப்பு கொஞ்சம் குறைந்துதான் இருந்தது.

"நீங்க என்ன சொல்லணும்?"

"டீசல் குறைஞ்சிருக்கு, நாளைக்கு வாங்கணும்" என்றேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். மூன்றாம் நாள் காலையில் தூறல். பலத்த மழை இல்லை, கண்ணாடியில் பொடிப்பொடியாக ஒட்டுகிற தூறல். வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கீழே பல் டாக்டர் குடையோடு வந்து நின்றிருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டுதான் நின்றார். அந்தப் பார்வையே எனக்குப் போதும், ஊசியால் குத்தின மாதிரி இருக்கும். எஞ்சினைப் போட்டேன்.

அவள் எனக்கு முன்னால் சுவரை ஒட்டி நின்றிருந்தாள். எப்போதும் அங்கேதான் நிற்பாள், அங்கிருந்து பார்த்தால்தான் பள்ளத்துப் பக்கத்துச் செயின் தெரியும். முக்காடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டிருந்தாள். வலது கை மலையைக் காட்டியது. உள்ளே. நான் லீவரை அசைக்கப் போனேன். அவள் தலைக்கு மேலே, சுவரின் மேல் விளிம்பிலிருந்து மண் உதிர்ந்தது. சர்க்கரைப் பொட்டலத்தில் ஓட்டை விழுந்தாற்போல, மெல்லிய கோடாக. நின்றது. மறுபடி உதிர்ந்தது. அடிமரம் ஒரு பக்கமாகத் தலை சாய்த்தது.

ஹார்ன் அடித்தேன்.

எங்கள் கணக்கில் ஒரு ஹார்ன் என்றால் புரியவில்லை, திரும்பக் காட்டு என்று அர்த்தம். அவள் திரும்பக் காட்டினாள். நன்றாகத் தெரியட்டும் என்று சுவரை இன்னும் ஒட்டிப்போய், கையை அகலமாக வீசிக் காட்டினாள்.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. நில், மேலே, கீழே, உள்ளே, வெளியே, எல்லாவற்றுக்கும் எங்களிடம் சைகை இருந்தது. எல்லாம் மிஷினுக்கு. நீ அங்கிருந்து விலகு என்று நான் அவளுக்குச் சொல்ல ஒரு சைகைகூட இல்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஆபத்து என்றால் அது எனக்குத்தான் என்று பேசி வைத்த மாதிரி இருந்துவிட்டோம்.

கதவைத் திறந்து கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையை ஆட்டினேன். நான் ஏதோ வாதாடுகிறேன் என்று நினைத்துத் தலையை ஆட்டி மறுத்தாள். எஞ்சினை அணைத்துவிட்டுக் கத்தியிருக்கலாமே என்று பிறகு ரம்பம் கேட்டான். எஞ்சினை அணைத்தால் அவள் என்ன செய்வாள் என்று அவனுக்குத் தெரியாதா? ஓய்வு என்று நினைத்து அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். குதித்து ஓடலாம் என்றால் பக்கெட்டைச் சுற்றிக்கொண்டு சேற்றில் ஓட வேண்டும். மண் அதுவரை காத்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

அவளை அந்தச் சுவரிலிருந்து பிய்த்து எடுக்க ஒன்றே ஒன்றுதான் உண்டு என்று எனக்குத் தெரிந்தது. யோசித்துச் செய்ததாகப் பெருமை பேசமாட்டேன், கை தானாகச் செய்தது. ஒரு பக்கத்து லீவரை மட்டும் தள்ளி மிஷினைப் பள்ளத்தைப் பார்த்துத் திருப்பினேன்.

அவள் முகம் மாறியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முஷ்டியை மடக்கிக் காட்டினாள். நில். நான் நிற்கவில்லை. தொழிலுக்கு வந்த நாள் முதல் அவள் முஷ்டிக்கு நான் நிற்காமல் போனது அதுதான் முதல் தடவை. செயின் வெளிப்பக்கத்து இளமண்ணைத் தொட்டது. மிஷின் லேசாகக் குனிந்தது. போன வருஷம் குனிந்த அதே மாதிரி. என் தோள்பட்டை எலும்பு தனியாக வலித்தது.

அவள் ஓடி வந்தாள். சாக்கு எங்கேயோ பறந்தது. இரண்டு முஷ்டியையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கி, முழங்கால் ஊன்றி எழுந்து, நேராகக் கேபின் கதவுக்கு வந்து அதை அடித்தாள்.

"யோவ், நிறுத்துய்யா. நிறுத்து. பைத்தியமா உனக்கு?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நிறுத்தினேன்.

அவளுக்குப் பின்னால் சுவர் இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. சோர்ந்துபோன ஆள் உட்காருவதுபோல இறங்கியது. அடிமரம் வேர்களோடு புரண்டு வந்து, அவள் நின்ற இடத்தில் விழுந்தது, அதற்குமேல் இன்னும் ஓர் ஆள் உயரத்துக்கு மண் வந்து நின்றது. மேலே இருந்து ரம்பம் "அக்கா" என்று கத்திய கத்தலில் கீழே பல் டாக்டர் குடையை விட்டுவிட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் பள்ளத்துச் செயினுக்கு அடியில் குனிந்து பார்த்து, "பின்னாடி எடுங்க. நேரா. திருப்பாதீங்க" என்றாள். ஒரு விரலை மட்டும் அசைத்து என்னைக் கெட்டித் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

அன்று வேலை அவ்வளவுதான். அறைக்கு வந்ததும் சேற்றுச் சேலையை வாளியில் ஊற வைத்தாள். முழங்கால் உரிந்திருந்தது. நான் மருந்து தடவக் குனிந்தேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை, அதுவே பெரிசு.

"வேணும்னேதானே பள்ளத்துப் பக்கம் திருப்பினீங்க?"

"ஆமா."

"சுவர் வரும்னு தெரியுமா?"

"மண்ணு உதிர்ந்துது. பாத்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

பஞ்சால் தடவுவதை நிறுத்தினேன். "வெடிப்பு விட்டிருக்குன்னு உன் தம்பி சொன்னான். மூணு நாளாச்சு."

வெளியே பஞ்சர் கடைக்காரன் யாருடைய டயருக்கோ காற்று அடித்துக்கொண்டிருந்தான். அது நிற்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"மூணு நாளா அந்தச் சுவத்துல சாஞ்சுதான் நான் டீ குடிச்சேன்."

"சொன்னா உனக்கு வயிறு கலங்கும், மிஷினை விக்கச் சொல்லுவியோன்னு..." என்னால் முடிக்க முடியவில்லை. அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் ஒரு மிஷினைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மூன்று நாளும் அவளை மண்ணுக்கடியில் நிற்க வைத்திருந்தேன். "உனக்கு என்மேல நம்பிக்கை போயிடுச்சுன்னு கோபம் வேற."

"உங்கமேல எப்பங்க நம்பிக்கை போச்சு? மண்ணு மேலதான் போச்சு." முழங்காலை ஊதிக்கொண்டே சொன்னாள்: "குச்சியை உள்ள உள்ள நட்டது நான்தானே. எனக்குத் தெரியாததா அந்தச் சுவர்."

நான் எழுந்து நடந்தேன். வாசல், கட்டில், வாசல்.

"வித்துடலாம்" என்றேன்.

"எதை?"

"மிஷினை. நீதானே சொன்னே, வயிறு கலங்கினா வித்துடணும்னு."

"எனக்கு இன்னிக்கு வயிறு கலங்கலை. உங்களை அடிக்கணும்னுதான் ஓடி வந்தேன்."

"எனக்குக் கலங்கிடுச்சு."

"உங்க வயித்தைப் பத்தி யாரும் பேசலையே."

சிரிப்பு வரவில்லை எனக்கு. "விளையாடாதே. நீ முன்னாடி நிக்கறதைப் பாத்துக்கிட்டு இனிமே என்னால லீவரைத் தொட முடியாது. கண்ணை மூடினா மண்ணு உதிருது. வித்துட்டு வேற ஏதாவது பார்ப்போம்."

"என்ன பார்ப்பீங்க?"

என் கை கதவுத் தாழ்ப்பாளை நோண்டியது.

"நானே சொல்றேன். ஒரு மாசம் வீட்ல உட்கார்ந்து தாழ்ப்பாளைக் கழட்டி மாட்டுவீங்க. அப்புறம் எவனோ ஒருத்தன் மிஷினை ஓட்டப் போவீங்க. அங்க உங்களுக்கு முன்னாடி யாரு நிப்பா?"

வாளியிலிருந்து சேலையை எடுத்துப் பிழிந்தாள். செம்மண் கலந்து சிவப்பாகத் தண்ணீர் வடிந்தது. மேலே எங்கே புதுக்கோடு எடுக்க வேண்டும், விழுந்த மண்ணை எங்கே கொட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். குச்சி எல்லாவற்றையும் பிடுங்கி வெளியே நட வேண்டும், சுவரை மேலேயிருந்து சரித்து வர வேண்டும், தான் இனி நிற்கப்போவது பள்ளத்துப் பக்கம்தான், சுவர்ப் பக்கம் இல்லை என்றாள். பள்ளத்துப் பக்கம் என்று கேட்டதுமே நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன்.

"அப்ப எனக்குப் பயமா இருந்தா?" என்றேன்.

அவள் சேலையை உதறி ஆணியில் மாட்டினாள்.

"இருக்கட்டும். நான் ஒருத்தியே எத்தனை நாளைக்குப் பயந்துக்கிட்டு இருக்கறது?"